நாலு இஸ்குரூப்பு ஆணி

களவு போன அன்று காலையில் சைக்கிள் கொட்டிலின் பூட்டு பத்திரமாக இருந்தது. பித்தளைப் பூட்டு, டவுன் ஹாட்வெயாரில் இருந்ததிலேயே விலை கூடியது. பூட்டினது பூட்டினபடியே, நாதாங்கியையும் பிடித்துக்கொண்டு கதவு நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நாதாங்கியைக் கதவோடு பிடித்திருந்த நாலு இஸ்குரூப்பு ஆணிகளும் வாசற்படியில் வரிசையாகக் கிடந்தன. வந்தவன் பொறுமைசாலி. மகனுடைய லுமாலா சைக்கிளை எடுத்துக்கொண்டு கதவையும் சாத்திவிட்டுப் போயிருந்தான்.

2023 ஜூன் மாதம் அது. மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஜூன் மழையை அறிந்தவர்களுக்குத் தெரியும், தகரக் கூரைக்குக் கீழே படுத்திருப்பவன் பக்கத்தில் படுத்திருப்பவளின் குறட்டையைக்கூடக் கேட்க முடியாது. களவாணிக்கு அதைவிட நல்ல இரவு எது? ஆறு அடி தள்ளிப் படுத்திருந்த எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

நான் தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், எலெக்ட்ரீசியன். கொழுந்து கூடும் நாட்களில் ராத்திரி ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் அழைப்பு வரும், மோட்டார் சைக்கிள் இல்லாமல் முடியாது. சைக்கிள் வந்தது 2022இல். எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. அதை ராத்திரி வேலைக்கு மிச்சம் பிடித்து, பகலில் சைக்கிளில் இறங்கி, ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு வந்தேன். பிறகு அது மகனுக்குப் போனது. 2020இலிருந்து வாகன இறக்குமதி நின்றிருந்த காலம் அது. என்னுடைய பழைய சிடி 125 பைக்கைப் பார்த்துக்கூட ஆட்கள் விலை கேட்டார்கள். இருக்கிற இரண்டும் போனால் திரும்ப வாங்க முடியாது என்கிற நிலையில்தான் அந்தக் களவு நடந்தது.

பழைய கொட்டில் சவுக்குப் பலகையில் ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் அடித்தது. அதைப் பிரித்துவிட்டு, அடுத்த வருடம் மாசியில் புதிதாகக் கட்டினேன். ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு சைக்கிளும் நிற்கும் அளவு. எப்படிக் கட்டினேன், எங்கே பிழை விட்டேன் என்பதை எழுதுகிறேன். உங்களுடைய இடம் வேறாக இருக்கும், அளவுகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை இடம் பார்ப்பது. எங்களுக்கு 7 பேர்ச்சஸ் காணி. வீடு போக மிச்சம் இருப்பது முன்னால் ஒரு துண்டு, பின்னால் மண்மேடு. எல்லாருக்கும் வருகிற யோசனைதான் எனக்கும் வந்தது: மேட்டை ஒரு நாலு அடி வெட்டினால் வீட்டுக்குப் பின்னால் மறைவாக ஒரு இடம் கிடைக்குமே. மம்பட்டியோடு நின்றவனைப் பார்த்துவிட்டு, மேசன் வேலையில் முப்பது வருடம் பழுத்த மேல் வீட்டு மாமா சொன்னார்: "தம்பி, மேட்ட வெட்டுனா எடம் வரும். மழ வந்தா மேடும் வரும்." 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயத்து வீடுகள் மண்ணுக்குள் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்த யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மேட்டை வெட்டாதீர்கள். நிலத்தில் புதிதாக வெடிப்பு, சாய்ந்து நிற்கிற மரம், இல்லாத இடத்தில் திடீரென்று கலங்கிய ஊற்று, இதில் ஒன்று தெரிந்தாலும் கொட்டிலை மறந்துவிட்டு கிராம சேவகரிடம் போங்கள்.

மறைவான இடம் நல்லது என்று நினைப்பதும் தவறு. மறைவு களவாணிக்குத்தான் வசதி. என்னுடைய புதிய கொட்டில் வீட்டின் முன்பக்கம், படுக்கையறை ஜன்னலுக்கு நேரே, பாதையில் போகிறவர் கண்ணில் படும்படி நிற்கிறது. அழகு கொஞ்சம் குறைந்ததென்று மனைவிக்கு இன்னும் வருத்தம். காணி இன்னும் தோட்டத்தின் பெயரில் இருந்தால், அல்லது லயத்துக் காம்பிராவை ஒட்டிக் கட்டுவதாக இருந்தால், ஆரம்பிக்கும் முன்பே ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கட்டின பிறகு உடைக்கச் சொன்னால் சீமெந்துக் காசு திரும்பி வராது.

அளவுக்கு வருவோம். சைக்கிள் நீளம் ஏறத்தாழ ஆறு அடி, ஹேண்டில் அகலம் இரண்டு அடிக்கு மேல். மோட்டார் சைக்கிள் ஆறரை அடி, கண்ணாடிகளோடு சேர்த்தால் இரண்டரை அடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஆள் ஒருவர் உள்ளே போய் ஸ்டாண்ட் போட வேண்டும். உள்ளே எட்டு அடி நீளம், ஐந்து அடி அகலம் வைத்தேன். கதவு மூன்றரை அடி. மூன்றடி போதும் என்று மாமா சொன்னார். ராத்திரி இரண்டு மணிக்கு மழைக்கோட்டோடு பைக்கைப் பின்னால் இழுத்துப் பார்த்தால் அந்த ஆறு அங்குலத்தின் அருமை தெரியும். இரண்டு சைக்கிள் மட்டும் என்றால் ஏழுக்கு நாலு போதும். ஒன்றின் முன்சக்கரம் மற்றதன் பின்சக்கரத்தின் பக்கம் வரும்படி தலைமாற்றி நிறுத்துங்கள்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். எங்கள் சரிவு தென்மேல் பருவமழைச் சரிவு, மே மாதத்திலிருந்து வேலை ஓடாது. தைப்பொங்கல் முடிந்து சித்திரைக்கு முன் முடித்துவிட வேண்டும். பதுளை, வெலிமடைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே வடகீழ் பருவமழை மார்கழி, தையில் நனைத்துவிடும், ஜூன், ஜூலையில் காற்றுத்தான் பிரச்சினை.

தண்ணீர் வேலையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். களவாணி ஒரு தடவைதான் வந்தான், தண்ணீர் வருடத்தில் பாதி நாள் வருகிறது. மேட்டுப் பக்கமாக ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் ஒரு கான் வெட்டி, வாய்க்காலில் கொண்டுபோய் விட்டேன். கான் வெட்டுவது நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டிய வேலை இல்லை, ஆனால் அதன் முனை எங்கே முடிகிறது என்பதைப் பாருங்கள். எங்கள் வரிசையில் ஒருவர் கட்டின கழிவறைக் கான், கீழ் வீட்டுக் குசினிக் கூரையில் கொட்டி, இரண்டு குடும்பமும் இரண்டு வருடம் பேசவில்லை.

தரை சுற்றிலும் உள்ள நிலத்தைவிட ஆறு அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். உடைந்த கல்லைப் போட்டு நன்றாக இடித்து, மேலே பொலித்தீன் விரித்து, அதற்கு மேல் நாலு அங்குலக் கொங்கிறீட். பொலித்தீன் இல்லாவிட்டால் ஈரம் கீழேயிருந்து ஏறி, கூரை ஒழுகாவிட்டாலும் சைக்கிள் செயின் துருப்பிடிக்கும். கலவை ஒன்றுக்கு இரண்டு, நாலு: ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நாலு பங்கு முக்கால் அங்குலக் கல். எட்டுக்கு ஐந்து தரைக்கும் கீழே சொல்லப்போகிற குழிக்கும் 50 கிலோ மூட்டை மூன்று போனது. மூலைக் குழிகளுக்கும் புளொக்குக்குமாக இன்னும் இரண்டு. வாசல் பக்கம் ஒரு அங்குலம் சரிவு விடுங்கள், நனைந்த பைக்கிலிருந்து வடிகிற தண்ணீர் தானாக வெளியே போகும். ஊற்றின முதல் ராத்திரி மழையில் படாமல் மூடி வையுங்கள், பிறகு ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். நான் ஐந்தாம் நாளே பைக்கை ஏற்றினேன். சைட் ஸ்டாண்ட் குத்தின பள்ளம் இன்னும் இருக்கிறது.

இப்போது அந்தக் குழி. கொட்டிலில் எனக்கு மிகவும் பிடித்த சாமான் அதற்குள்தான் இருக்கிறது.

கதவை எவ்வளவு உறுதியாகப் போட்டாலும் நேரம் கிடைத்தால் திறந்துவிடுவார்கள். ஆகவே உள்ளே போனவனுக்கு இரண்டாவது வேலை ஒன்று காத்திருக்க வேண்டும். தரையோடு ஒரு இரும்பு வளையம், அதில் சங்கிலி, சங்கிலியில் இரண்டு வண்டியும். வளையத்துக்கு முதலில் கட்டடக் கம்பியை வளைக்க நினைத்தேன். ஆனால் 10, 12 மில்லிமீற்றர் கம்பி எல்லாம் நீளக் கைபிடி உள்ள வெட்டுக்கருவிக்கு அரை நிமிட வேலை. டவுனில் லொறி கராஜ் ஒன்றில் பழைய இரும்புக் குவியலைப் பார்த்தபோது யோசனை வந்தது: லொறியின் ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு சேர்த்துக் கட்டுகிற யூ-போல்ட். கட்டை விரலைவிடப் பருமன், கட்டடக் கம்பியைவிட எவ்வளவோ உறுதியான இரும்பு, இரண்டு முனையிலும் மரை வெட்டி நட்டோடு வரும். கழித்துப் போட்டதை வாங்கினேன்.

தரை ஊற்றும் முன், கொட்டிலின் உட்சுவர்ப் பக்கமாக ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஒன்றரை அடி ஆழத்தில் குழி வெட்டுங்கள். யூ-போல்ட்டைத் தலைகீழாகப் பிடித்து, இரண்டு காலுக்கும் சேர்த்துத் துளை போட்ட ஒரு தடித்த இரும்புத் தகட்டைக் கோர்த்து, நட்டுகளை முறுக்கி, நட்டு வெளியே வராதபடி ஒரு சொட்டு வெல்டிங். வளைந்த பக்கம் தரைக்கு மேல் மூன்று அங்குலம் மட்டும் தெரியவேண்டும். அதற்கு மேல் விட்டால் கம்பி கொடுத்து நெம்ப இடம் கிடைக்கும். குழியையும் தரையையும் ஒரே நாளில் ஊற்றுங்கள், இரண்டும் ஒரே கல்லாகிவிடும். சங்கிலியைச் சைக்கிளின் சக்கரத்தில் மட்டும் போடாதீர்கள், சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோவார்கள். ஃப்ரேமுக்குள்ளாலும் பின்சக்கரத்துக்குள்ளாலும் போக வேண்டும். சங்கிலி தரையில் புரளாமல் இறுக்கமாக இருக்கட்டும். தரையில் கிடந்தால் சுத்தியலால் அடித்து உடைக்கத் தரையே பட்டறைக் கல்லாகிவிடும்.

சட்டத்துக்கு இரண்டு அங்குலப் பொக்ஸ் பார், சதுர இரும்புக் குழாய். நாலு மூலைக்கும் ஒன்றரை அடிக் குழி, காலின் அடியில் குறுக்காக ஒரு துண்டுக் கம்பி வெல்ட் பண்ணினால் காலை உருவ முடியாது. முன்னால் ஆறரை அடி, பின்னால் ஐந்து அடி உயரம், மண்ணுக்குள் போகிற ஒன்றரை அடி தனி. வெல்டிங்கை டவுன் கடையிலேயே முடித்துக்கொண்டு வந்து இங்கே போல்ட்டில் பூட்டுங்கள். நான் ஒரு சின்ன வேலைக்காக வெல்டிங் பிளான்டை வீட்டு லைனில் போட்டேன். வரிசை முழுக்க பல்பு மங்கி, ஏழு மணி நாடகம் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். எலெக்ட்ரீசியனே இதைச் செய்யலாமா என்று கேட்டார்கள். செய்யக் கூடாதுதான்.

சுவரின் அடியில் இரண்டு வரிசை புளொக் கல், அதற்கு மேல் தகரம். புளொக் எதற்கென்றால், தகரத்தைத் தரை மட்டும் இறக்கினால் அடி ஓரம் துருப்பிடிக்கும், பிறகு காலால் மடக்கிவிடலாம். தகரத்தைப் பொறுத்தவரை ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கத்தரிக்கோலும் ஐந்து நிமிடமும் இருந்தால் தகரத்தை வெட்டலாம். அதனால் உட்பக்கமாக வெல்ட் மெஷ் கம்பி வலை ஒன்றைச் சுற்றிலும் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்தேன். தகரத்தை வெட்டினவன் மெஷ்ஷையும் ஒவ்வொரு கம்பியாக வெட்ட வேண்டும். செலவு பார்த்துப் பின்சுவருக்கு மட்டும் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். களவாணியும் பின்சுவரைத்தான் யோசிப்பான் என்பதால் அங்கேயும் போட்டேன். தகரத்தைப் பிடிக்கிற ஸ்குரூவின் தலையும் வெளியே இருந்தால் சின்னச் சாவி ஒன்றில் கழன்றுவிடும், ஆள் கை எட்டுகிற உயரத்தில் ரிவெட் அடியுங்கள்.

கூரைக்குப் பத்தடி அலைத் தகரம் வாங்கி ஓரடி குறைத்தேன். நீளத்தில் ஒட்டே வராது. பக்கவாட்டில் ஒன்றரை அலை ஏற வேண்டும், ஏறுகிற ஓரம் காற்று வராத பக்கம் பார்த்திருக்க வேண்டும். தாழ்ந்த பக்கத்தைக் காற்றுக்குக் கொடுங்கள். வெளியே நாலைந்து அங்குலத்துக்கு மேல் நீட்ட வேண்டாம், மழைக்கு நல்லதென்று நீட்டின கூரைதான் காற்றுக்கு முதலில் எழும்பும்.

மூடின கொட்டில் பத்திரமானது என்று நினைத்து எல்லா ஓட்டையையும் அடைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் பனிமூட்டம் பகலிலேயே வீட்டுக்குள் வந்து உட்காரும். கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் மூன்று அங்குல இடைவெளி விட்டு மெஷ் அடித்தேன், புளொக் வரிசையிலும் இரண்டு இடத்தில் ஓட்டை. காற்று கீழே நுழைந்து மேலே போகும், பெற்றோல் வாசனையும் அதோடு போகும். பெற்றோல் வரிசை நாட்களின் பழக்கத்தில் கேனில் நிரப்பி உள்ளே வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதை விட்டுவிடுங்கள். பைக்கை பொலித்தீனால் இறுக்கிப் போர்த்துவதும் வேண்டாம், உள்ளே வேர்த்து, மூடாததைவிட வேகமாகத் துருப்பிடிக்கும்.

இனிக் கதவு. சட்டம் பொக்ஸ் பாரில், தகரமும் மெஷ்ஷும் சுவரைப் போலவே. என் அனுபவத்தில் கவனிக்க வேண்டியவை நாதாங்கியும் பிணைச்சலும்தான், பூட்டு அவற்றுக்குப் பிறகு. நாதாங்கியை இஸ்குரூப்பு ஆணியில் பிடிக்கவே கூடாது. வெளியே வழுவழுப்பான உருண்டைத் தலை, கழுத்தில் சதுரம் உள்ள போல்ட் கிடைக்கும். அதைக் கதவுக்குள்ளால் விட்டு, உள்ளே பெரிய வாஷர், நட்டு. முறுக்கின பிறகு நட்டைத் தாண்டி நீட்டுகிற மரையைச் சுத்தியலால் தட்டி மழுக்கிவிடுங்கள். வெளியே நிற்பவனுக்குத் திருப்ப எதுவுமே கிடையாது. பூட்டின் வளையம் வெளியே தெரியாதபடி மூன்று பக்கமும் இரும்புத் தகடு வைத்து ஒரு சின்னப் பெட்டி வெல்ட் பண்ணுவித்தேன். கை உள்ளே போகும், சாவி போகும், வெட்டுக்கருவியின் வாய் போகாது.

கதவு வெளிப்பக்கம் திறந்தால் பிணைச்சலின் ஊசி வெளியே தெரியும். அதைத் தட்டிக் கழற்றினால் பூட்டு ஒரு பக்கம் தூங்கிக்கொண்டிருக்க, கதவு மறுபக்கம் திறந்துவிடும். ஊசியின் இரு முனையிலும் ஒரு சொட்டு வெல்டிங் வையுங்கள். அதோடு பிணைச்சல் பக்கத்துக் கதவு ஓரத்தில் அரை அங்குலக் கம்பித் துண்டுகள் இரண்டை வெல்ட் பண்ணி, கதவைச் சாத்தும்போது அவை நிலையில் துளைத்த ஓட்டைக்குள் போகும்படி செய்தேன். பிணைச்சலையே அறுத்தாலும் கதவு அசையாது. துளை சரியாகப் பொருந்த எனக்கு அரை நாளும் ஒரு டிரில் முனையும் போனது.

பூட்டு பித்தளை உடம்பாக இருக்கட்டும், இரும்பு இந்தப் பனியில் சீக்கிரம் இறுகிவிடும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியைப் பிடித்துக் களியாக்கும். பென்சில் கரியைச் சுரண்டித் தூளாக்கி உள்ளே தட்டுங்கள். மேலே மழைத்தண்ணீர் விழாமல் பழைய டியூபில் ஒரு துண்டு மூடி.

மழைச் சத்தத்துக்கு நான் கண்ட வழி, எச்சரிக்கை மணியைக் கொட்டிலில் வைக்காமல் என் கட்டிலுக்கு அடியில் வைப்பது. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் பல்பு எரிய வைக்கிற அந்தச் சின்ன சுவிட்ச் உதிரிப்பாகக் கடையில் வாங்கலாம். கதவு சாத்தியிருக்கும்போது அழுந்தி இருக்கும், திறந்தால் மின்சாரம் விடும். அதை நிலையில் பொருத்தி, இரண்டு கம்பியை பீ.வி.சி. குழாய்க்குள் வீட்டுக்கு இழுத்து, 12 வோல்ட் பற்றரியோடு பைக்கின் பழைய ஹோர்ன் ஒன்றைச் சேர்த்தேன். வீட்டு 230 வோல்ட்டை ஈரக் கொட்டிலுக்கு இழுக்கவே வேண்டாம், தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். ஆள் நடந்தால் எரிகிற சோலர் விளக்கையும் வாங்கி மாட்டினேன். தையில் நன்றாக எரிகிறது. ஜூலையில் மூன்று நாள் வெயில் தெரியாவிட்டால் ராத்திரி ஒன்பது மணிக்கே அணைந்துவிடுகிறது, அதை நம்பி இருக்க முடியாது.

கடைசியாக, காசு செலவில்லாத வேலை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் பொருந்துகிற இடத்துக்கு அடியில் பாருங்கள், ஃப்ரேமில் ஒரு இலக்கம் வெட்டியிருக்கும். பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது முதலில் அதைத்தான் கேட்டார்கள். நான் "நீலக் கலர்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தச் சைக்கிள் கிடைக்கவே இல்லை. இப்போது இருக்கிறதன் இலக்கம், ரசீது, நாலு பக்கப் படம் எல்லாம் என் போனிலும் மகனுடைய போனிலும் இருக்கின்றன.

ஹோர்ன் இதுவரை ஒரே ஒரு தடவைதான் அடித்திருக்கிறது. ஸ்டோரில் மோட்டார் நின்றுவிட்டதென்று ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். தூக்கக் கலக்கத்தில், ஹோர்னை அணைக்கக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த சுவிட்சை மறந்து, நானே போய்க் கதவைத் திறந்தேன். மனைவி அலவாங்கோடு வந்தாள், மேல் வீட்டு மாமா மம்பட்டியோடு வந்தார், மகன் போர்வையோடு வந்தான். அதற்குப் பிறகு கொட்டிலுக்கு வெளியிலேயே இன்னொரு சுவிட்ச் வைத்துவிட்டேன். எங்கே என்பதை மட்டும் இங்கே எழுத மாட்டேன்.